பால் கெய்னிடம் நான் தோற்ற கதை

ஹார்ட்பாயில்டு கதைகள், அதாவது ஈரமில்லாத கறாரான நடையில் எழுதும் அமெரிக்கக் குற்றக் கதைகள் என்றால் ஹேமட், சாண்ட்லர் என்று இரண்டு எழுத்தாளர்களோடு நிறுத்திக்கொண்டிருந்தவன் நான். பால் கெய்ன் என்ற இன்னொரு எழுத்தாளரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டதே சாண்ட்லர்தான். கெய்னின் 'ஃபாஸ்ட் ஒன்' நாவலை இந்த வகை எழுத்தின் உச்சங்களில் ஒன்றாக அவர் பாராட்டியிருந்தார். (இதே வட்டாரத்தில் எழுதிய ஜேம்ஸ் எம். கெய்ன் வேறு ஆள். நானும் முதலில் குழம்பினேன்.)

முதல் தடவை வழக்கமான வேகத்தில் படித்தேன். நாற்பது பக்கம் போவதற்குள் யார் யார் பக்கம், யார் யாரை மாட்டிவிடுகிறார்கள், எதுவும் பிடிபடவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்துப் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். தொடக்கத்தையே அப்போதுதான் ஒழுங்காகக் கவனித்தேன். லாஸ் ஏஞ்சல்ஸ். கதாநாயகன் கெல்ஸ், ஸ்பிரிங் என்ற தெருவில் வடக்கே நடக்கிறான், ஐந்தாம் தெருவில் மேற்கே திரும்புகிறான், ஒரு சிறிய சுருட்டுக் கடைக்குள் நுழைகிறான். கல்லாவில் இருக்கும் வழுக்கைத் தலையருக்கு ஒரு தலையசைப்பு. நேரே பின்னறைக்குப் போய்விடுகிறான். ஏன் வந்தான், பயமா, கோபமா? ஒரு சொல் கிடையாது. கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்பதை வைத்து நாம்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு வரியை விட்டால் ஒரு துரோகமே கைநழுவிப் போகும். பெயர்தான் 'ஃபாஸ்ட்', படிக்க வேண்டியதென்னவோ நிதானமாக!

இத்தனைக்கும் கெல்ஸ் துப்பறிவாளன் இல்லை, சூதாடி. நல்லவனும் இல்லை. ஹேமட்டின் ஆட்களுக்குக்கூட ஏதோ ஒரு நியாயம் இருக்கும், இவனிடம் அதையும் தேட வேண்டியிருக்கிறது. பலருக்கு ஒட்டாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பால் கெய்னின் இயற்பெயர் ஜார்ஜ் சிம்ஸ். 1932-இல் 'பிளாக் மாஸ்க்' என்ற குற்றக் கதை இதழில் தனித்தனிக் கதைகளாக வந்தவை 1933-இல் நாவலாயின. பீட்டர் ரூரிக் என்ற பெயரில் சினிமாவுக்கும் எழுதினார்; கார்லாஃபும் லுகோசியும் நடித்த 'தி பிளாக் கேட்' அவர் திரைக்கதைதான். 1966-இல் இறந்தார், அதுவரை இரண்டாவது நாவல் வரவே இல்லை. 'செவன் ஸ்லேயர்ஸ்' என்று 1946-இல் வந்த சிறுகதைத் தொகுப்பு உண்டு. புதிதாக வருபவர்கள் அதில் தொடங்கினால் என்னைப் போல் அடிபட வேண்டாம்.

கதையில் ஆள் செத்தால் தாளில் குறித்திருந்த பெயரை அடித்துவிடுவது என்று பென்சிலோடு ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். நாவல் முடிந்தபோது அந்தத் தாளில் அடிக்காத பெயர்களைத் தேடத்தான் வேண்டியிருந்தது.