'எடையின்மை'க்கு மாற்றாகத் 'தாங்கலின்மை': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

விண்கலத்தில் வீரர்கள் மிதக்கும் நிலைக்கு 'எடையின்மை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று நம் கலைச்சொல் விவாதத்தில் நண்பர் ஒருவர் சென்ற மடலில் கேட்டிருந்தார். அந்தச் சொல் மாணவர்களுக்குத் தவறான இயற்பியலைக் கற்றுத்தருகிறது என்பதுதான் என் மனக்குறை. நெடுங்காலம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். "விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்ற விடையைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இப்படி எழுதுவார்கள். பிழை அவர்களுடையதன்று, எடை இல்லை என்றால் இழுப்பும் இல்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

கணக்கைப் பார்ப்போம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் நிலையம் நம்மைவிட 6 விழுக்காடு மட்டுமே கூடுதல் தொலைவில் இருக்கிறது. ஆகவே ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/நொ²-லிருந்து 8.7 மீ/நொ² ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைத் தரையில் 588 நியூட்டன் விசையோடு இழுக்கும் பூமி, அங்கேயும் 520 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை என்று நாமே வரையறை கொடுத்துவிட்டு, 520 நியூட்டன் எடையுள்ளவரை எடையற்றவர் என்கிறோம்.

அப்படியானால் அங்கே எதுதான் இல்லை? இதற்கு நான் வகுப்பில் செய்துகாட்டும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போட்டு, விரலால் அடைத்துக்கொண்டு நீர் நிரப்புங்கள். மூடி போட வேண்டாம். விரலை எடுத்ததும் நீர் பீய்ச்சிக்கொண்டு வரும். அப்படியே மாடியிலிருந்து பாட்டிலைக் கைவிடுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து ஒரு சொட்டு வெளியே வராது. பூமி இழுப்பதை நிறுத்திவிட்டதா? இழுப்பதால்தான் பாட்டில் விழுகிறது. நீரும் பாட்டிலும் ஒரே முடுக்கத்தில் விழுவதால் நீரைப் பாட்டில் தாங்கவில்லை. மேல்நீரைக் கீழ்நீரும் தாங்கவில்லை. தாங்கல் போனதும் அழுத்தமும் போய்விட்டது.

பிள்ளைகள் அசந்துபோவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். அதே பாட்டிலைக் கீழிருந்து மேல்நோக்கி எறிந்தால், கையைவிட்டுக் கிளம்பிய நொடியிலேயே நீர் நின்றுவிடும். மேலே ஏறும்போதும் ஒழுகாது.

ஈர்ப்பை நாம் ஒருபோதும் உடம்பில் உணர்வதில்லை. அது உடலின் ஒவ்வொரு துகளையும் ஒன்றுபோல் இழுக்கிறது. நாம் உணர்வதெல்லாம் தரையும் நாற்காலியும் நம்மைத் தாங்கும் விசையைத்தான். எடைபார்க்கும் கருவி காட்டுவதும் அதைத்தான். விழுபவன் தன் எடையை உணரமாட்டான் என்று 1907-இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணம் இதுவே. தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று பின்னாளில் அவர் அதைக் குறிப்பிட்டார். விண்வெளி நிலையமும் ஓயாமல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நொடியில் 4.3 மீட்டர் விழுகிறது. அதே நொடியில் 7.7 கிலோமீட்டர் முன்னே பாய்ந்தும்விடுகிறது. அந்த தூரத்துக்குள் பூமியின் வளைவும் ஏறக்குறைய 4.3 மீட்டர் தாழ்ந்துவிடுவதால் உயரம் குறைவதே இல்லை.

ஆக, அங்கே இல்லாதது தாங்கல். அதனால்தான் 'தாங்கலின்மை' என்று முன்மொழிகிறேன். பெயரடையாகத் 'தாங்கலற்ற'.

இந்நிலைக்கு நண்பர்கள் இதுவரை முன்மொழிந்த மற்றச் சொற்களுக்கு வருகிறேன். 'மிதப்புநிலை' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நீரில் மிதக்கும் பொருளை நீர் தாங்குகிறது. இங்கே தாங்குவார் இல்லை. நேர் எதிரான இரண்டு நிலைகளுக்கு ஒரே சொல் கூடாது. 'தடையற்ற வீழ்ச்சி' சரியான இயற்பியல்தான். ஆனால் அது இயக்கத்தின் பெயர், அதில் இருப்பவரின் நிலைக்குப் பெயரன்று. மேலே ஏறும் பாட்டிலை 'வீழ்ச்சி' என்று சொல்லி மாணவனை நம்பவைப்பதும் எளிதன்று. மைக்ரோகிராவிட்டி என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த 'நுண்ணீர்ப்பு' எனக்கு ஒப்பவில்லை. தரையின் ஈர்ப்பு முடுக்கத்தில் மில்லியனில் ஒரு பங்கு என்று அங்கே அளக்கப்படுவது கலத்துக்குள் எஞ்சியிருக்கும் முடுக்கமே தவிர ஈர்ப்பன்று. எழுத்தில் பார்க்கும்போது அது 'நுண்ணீர்' என்று பிரிந்து கண்ணை ஏமாற்றவும் செய்கிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு; 'எடை' என்பது அதன்மேல் செயல்படும் ஈர்ப்பு விசை. இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு', பின்னது 'நிறை'. ஆகவே யாழ்ப்பாணத்து மாணவர் 'நிறையற்ற' என்று எழுதினால் அவர் மனத்தில் இருப்பது விண்கலம். மதுரை மாணவர் அதை வாசித்தால் அவருக்குத் தோன்றுவது ஒளித்துகள். 'வேகம்' என்ற சொல்லிலும் இதே சிக்கல்: இங்கே திசை சேராத அளவு, அங்கே திசையும் சேர்ந்தது, திசை சேராததற்கு அவர்களிடம் 'கதி' இருக்கிறது. இரு வழக்குகளும் நெடுங்காலம் வேர்விட்டவை. ஒன்றைப் பிடுங்கி மற்றொன்றை நடச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் புதிதாக ஆக்கும் சொல்லையாவது இரு கரையிலும் ஒரே பொருள் தருவதாக ஆக்கலாமே. 'தாங்கலின்மை'யில் நிறையும் இல்லை, எடையும் இல்லை, திணிவும் இல்லை.

எடை என்பது 'எடு' என்ற வினையிலிருந்து பிறந்தது, எடுக்கும்போது கை உணர்வதே எடை, ஆகவே கைக்குக் கனம் தெரியாத இடத்தில் எடையின்மை என்பது பொருத்தமே என்று நம் மொழியியல் நண்பர் எழுதியிருந்தார். உடு, உடை போல அமைந்த அழகான சொல்தான் அது, மறுக்கவில்லை. எடையை அப்படியே, கருவி காட்டும் அளவு என்றே, வரையறுப்போரும் உண்டு. அந்த வரையறையைத் தொடக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது முழுவதும் சரி. ஆனால் நம் வகுப்பறைகளில் ஈர்ப்பு விசையே எடை என்று ஊன்றிவிட்டோம். அதை வைத்துக்கொண்டு இதையும் சொல்ல முடியாது.

'தாங்கல்' என்றால் மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறது என்றார் ஒருவர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று நீர்நிலைக்கும் அது பெயர் என்றார் இன்னொருவர். இருக்கட்டும்; இயற்பியல் வகுப்பில் எவரும் ஏரியை நினைக்கப் போவதில்லை. தலைச்சுமையை இறக்கிவைக்க வழியோரத்தில் நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயரிட்ட மொழி இது. தாங்குதல் என்றால் கீழிருந்து ஏந்துதல் என்பது சொல்லாமலே விளங்கும். 'தாங்க இயலாமை' என்று பொருள்படுமோ என்ற ஐயம் மட்டும் என்னையும் உறுத்தியது. அதற்குத் 'தாங்காமை', 'தாங்கவியலாமை' என்றுதான் வரும். 'தாங்கலின்மை' என்பது தாங்கல் என்ற பெயரோடு இன்மை சேர்ந்தது. பொருளின்மை, பயிற்சியின்மை போல.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "தாங்கலின்மையில் எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது." உடலைத் தாங்கும் வேலை இல்லாததால்தான் இடுப்பு, தொடை எலும்புகள் தேய்கின்றன, காரணமும் சொல்லுக்குள்ளேயே அமர்ந்துவிட்டது. "ராட்டினம் சரேலென இறங்கும்போது ஒரு கணம் தாங்கல் குறைகிறது." இதையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் சொல்லும்.

தரை தரும் விசைக்கும் 'தாங்குவிசை' என்றே வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு சுவரில் சாய்ந்து நிற்கும் ஏணியை வரைந்தபோது கை நின்றுவிட்டது. சுவர் ஏணியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, ஏந்தவில்லை. தொடும் பரப்பு தனக்குச் செங்குத்தாகத் தரும் அந்த விசைக்கு இலங்கையின் 'செவ்வன் மறுதாக்கம்' என் முன்மொழிவைவிடச் செம்மையானது. அதையே 'செங்குத்து விசை' என்று நாம் எழுதும்போது பாதி மாணவர்கள் அது எப்போதும் மேல்நோக்கியே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். சாய்தளக் கணக்குகளில் இந்தத் தவறை ஆண்டுதோறும் பார்த்தேன். ஆகவே 'தாங்குவிசை'யை மட்டும் இந்த விவாதத்திலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.

விண்வெளி மருத்துவம் பற்றித் தொடர் எழுதிவரும் அம்மையாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில் 'தாங்கலின்மை'யை விளக்கம் எதுவும் தராமல் ஓரிடத்தில் பயன்படுத்திப் பாருங்கள். வாசகர் எவரேனும் பொருள் கேட்டு எழுதினால் அந்தக் கேள்வியை அவர் எழுதியபடியே இங்கே இடுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.