புதுப்பிப்பு: காலை பத்து மணிக்குத் துகள் ஏறிய மர்மம் தீர்ந்தது

முன்பு கேட்டது இதுதான்: எங்கள் ஐஎஸ்ஓ 7 தூய்மை அறையில் (காற்றில் எத்தனை துகள் இருக்கலாம் என்று தர வரம்பு வைத்த அறை) தினமும் காலை பத்து மணி வாக்கில் துகள் எண்ணிக்கை எகிறுகிறது, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டியை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. கசிவுச் சோதனையில் வடிகட்டி தேறிவிட்டது. அப்புறம் கருவியை விட்டுவிட்டு ஆட்களைக் கவனித்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டது. கையுறை வரும் அட்டைப்பெட்டியை உடை மாற்றும் அறையிலேயே கிழித்துப் பிரிக்கிறோம். பெட்டி உள்ளே போகும்வரை கதவைக் காலால் தடுத்துப் பிடிக்கிறோம் (நானும்தான்!). வெளித் தூசி உள்ளே வராமல் தடுப்பது, அறைக்குள் 15 பாஸ்கல் கூடுதலாக இருக்கும் காற்றழுத்தம். அந்த நேரத்தில் இந்த வேறுபாடு கிட்டத்தட்டப் பூஜ்யம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மேசைமேல் பழுப்பு நார்கள் மினுங்கின. 0.5 மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் கன மீட்டருக்கு 3,52,000 வரை போகலாம் என்பது வரம்பு. நாங்கள் அதைத் தாண்டியதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது அட்டை வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்பொட்டலங்களை 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பாஸ் பாக்ஸ் (பொருளை உள்ளே அனுப்பச் சுவரில் வைத்த இரட்டைக் கதவுப் பெட்டி) வழியாக அனுப்புகிறோம். சுத்த ஆல்கஹால் இன்னும் நல்லதில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, அது சட்டென்று உலர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல நீரும் ஈரமாக இருக்கும் நேரமும் வேண்டும். ஆனால் 70% கூட வித்துகளை (சில கிருமிகளும் பூஞ்சைகளும் எடுக்கும் கடினமான உறங்குநிலை வடிவம்) கொல்லாது, அட்டையில் வருவதோ பெரும்பாலும் இந்த வித்துகள்தான். அதனால் வாரம் ஒருமுறை வித்துக்கொல்லியும் உண்டு.

ஒரு எச்சரிக்கை: ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். சூடான தட்டுக்குப் பக்கத்தில் பீய்ச்சினால் ஆவி தீப்பிடிக்கும்.

இரண்டு வாரமாகப் பத்து மணிக் கோடு தட்டையாகவே இருக்கிறது. கதவைத் திறந்தே வைத்தால் ஒலிக்கும் அலாரம் மட்டும் இன்னும் வரவில்லை.