க்யூரேட்டர்: 'கோத்தவர்' என்று எழுதினால் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கண்காட்சியில் எதை வைப்பது, எப்படி வரிசைப்படுத்துவது என்று தீர்மானிக்கிற க்யூரேட்டருக்குத் தமிழில் என்ன சொல் என்று ஆரம்பித்த இழை பதினேழு மடலைத் தாண்டிவிட்டது, சொல்தான் கிடைத்தபாடில்லை. இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று வந்த மடலில் "தொகுப்பாளர் என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்" என்று இருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்கு முன்னால் அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இழையில் பாதிப் பேர் அருங்காட்சியகத்தையும் பாதிப் பேர் ஒளிப்படக் கண்காட்சியையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்கு அடித்துக்கொள்கிறோம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் பெருநகரத்து இரவுகளைப் பல வருடங்களாகப் படமெடுத்து வைத்திருந்தார், முந்நூற்றுச் சொச்சம் படங்கள். கண்காட்சி வைக்கலாம் என்று முடிவானதும் இன்னொரு நண்பரிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தார். இவர் எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டு, கூடத்துத் தரையில் பரப்பி, இரண்டு நாள் முட்டிபோட்டு ஊர்ந்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது தரையில் முப்பத்தாறு மிச்சம். அதில் ஒன்று கடைசிப் பேருந்தில் ஜன்னலோரம் தூங்கும் ஒரு பெண், அதற்குப் பக்கத்தில் வைத்த இன்னொரு படத்தில் பாதி இறக்கிய கடை ஷட்டர். பேருந்தின் ஜன்னல் கம்பிகளும் ஷட்டரின் வரிகளும் ஒரே உயரத்தில் ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. அந்தப் பெண் இப்போதுதான் அந்தக் கடையைப் பூட்டிவிட்டு வண்டி ஏறியிருக்கிறாள் என்று பார்க்கிறவர் தானாக நினைத்துக்கொள்வார். படமெடுத்தவருக்கே அப்படி ஒரு எண்ணம் இருந்ததில்லை, இரண்டும் வேறு வேறு வருடத்தில் வேறு வேறு தெருவில் எடுத்தவை.

அப்புறம் ஒன்று செய்தார் பாருங்கள். எல்லோரும் புகழும் படம் ஒன்று உண்டு, மழையில் நனைந்த நாற்சந்தி, அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். "இது சுவரில் இருந்தால் மற்ற முப்பத்தாறையும் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள்" என்றார். படமெடுத்தவருக்குக் கோபம் தாங்கவில்லை. "என் படத்தை வேண்டாம் என்று சொல்ல நீ யார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் நம்மிடம் சொல் இல்லை. அழைப்பிதழில் அவர் பெயருக்கு நேரே 'ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சானது, ஏதோ நாற்காலி மேசைக்குச் சொல்லிவிட்ட ஆள் மாதிரி.

சரி, இதுவரை வந்த சொற்களுக்கு வருகிறேன். 'காப்பாட்சியர்' அருங்காட்சியகத்துக்குப் பொருத்தம், அதில் எனக்குச் சண்டையே இல்லை. மூலச் சொல்லான லத்தீன் 'கூரா'வுக்கும் பேணுதல், கவனித்துக்கொள்ளுதல் என்றுதான் பொருள், எனவே காப்பு என்று தொடங்குவது சரியான மொழிபெயர்ப்புகூட. ஆனால் மேலே சொன்ன நண்பர் எதையும் காக்கவில்லை. முந்நூற்றுச் சொச்சத்தில் முப்பத்தாறைத்தான் விட்டுவைத்தார், அத்தனை ஈவிரக்கமில்லாமல் கழித்தார். 'காட்சிப்படுத்துநர்' என்றால் சுவரில் ஆணி அடிக்கிறவரும் காட்சிப்படுத்துநர்தான். 'தெரிவாளர்' பாதி வேலையைச் சொல்கிறது, தெரிந்தெடுத்த பிறகு வரிசை வைப்பதை விட்டுவிடுகிறது. 'தொகுப்பாளர்' நல்ல சொல்லாகத்தான் இருந்தது, இன்றைக்கு அதைச் சொன்னால் தொலைக்காட்சியில் ஒலிவாங்கி பிடித்துச் சிரிக்கிறவர் ஞாபகம்தான் வருகிறது. 'படத்தொகுப்பாளர்' என்றாலோ திரைப்பட எடிட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவரை எழுப்ப முடியாது. (புகைப்படமா நிழற்படமா ஒளிப்படமா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து இந்த இழையில் திறக்காதீர்கள். 1839இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கிரேக்கத்தில் ஒளியையும் வரைவையும் சேர்த்து ஒட்டி 'போட்டோகிராஃபி' என்று சொன்னதால் நான் ஒளிப்படம் என்கிறேன், வீட்டில் நானும் போட்டோ என்றுதான் சொல்கிறேன்.)

இப்படி ஒரு தனி ஆளுக்குத் தனிச் சொல் வேண்டுமா, படமெடுத்தவர் பெயர் போதாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு. 1955 ஜனவரியில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சி தொடங்கியது. 503 படங்கள், 68 நாடுகள், எடுத்தவர்கள் 273 பேர். ஆனால் அதை யாருடைய கண்காட்சி என்று கேட்டால் படங்களைத் தேர்ந்து அடுக்கிய எட்வர்ட் ஸ்டைகன் என்ற ஒரு பெயரைத்தான் உலகம் சொல்கிறது. சட்டம் போடாமல் பலகைகளில் ஒட்டி, சிலதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, சிலதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, காதல், பிறப்பு, உழைப்பு, சாவு என்று நடக்க நடக்க மாறும்படி வைத்தார்கள். கடைசிப் பகுதியில் ஒரு தனி அறை, அதில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் பெரிய வண்ணப் படம். அதையும் தாண்டி வந்தால் குழந்தைகள். குண்டு வெடிப்பின் படம் செய்தித்தாளில் வந்தால் அது செய்தி, ஆனால் அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு வந்து நிற்கிறவருக்கு அது வேறு. அந்த 'வேறு' எந்த ஒளிப்படக்காரரின் கேமராவிலும் இல்லை, வைத்த இடத்தில் இருக்கிறது. இந்தக் கண்காட்சி உலகத்துச் சண்டை சச்சரவையெல்லாம் 'எல்லோரும் மனிதர்தானே' என்று மெழுகிவிட்டது என்று பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த் கடுமையாகத் திட்டினார். திட்டியதும் ஒரு தனிப் படத்தையல்ல, படங்களைச் சேர்த்துவைத்த விதத்தைத்தான். திட்டு வாங்கவே ஒரு ஆள் இருக்கும்போது அவருக்குப் பெயர் இல்லாமல் எப்படி?

இனி நம் வீட்டுச் சரக்கு. சங்கப் பாடல்களைத் தொகை நூல்களாக ஆக்கியபோது தமிழ் இரண்டு பேரைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி வைத்தது: தொகுத்தவர், தொகுப்பித்தவர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மன், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இன்றைய கணக்கில் ஒருவர் க்யூரேட்டர், மற்றவர் இடமும் பணமும் கொடுத்த அமைப்பு. இதைவிட முக்கியமானது உள்ளே இருக்கிறது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, அதாவது பிரிவு. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி, 4 என்று முடிந்தால் முல்லை, 6 மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ஒன்றுவிட்டு ஒன்று பிரிவு வந்துகொண்டே இருக்கிறது: நடுவில் ஒரு கூடல், மறுபடி பிரிவு, ஒரு காத்திருப்பு, மறுபடி பிரிவு. பாடிய புலவர்களில் ஒருவருக்கும் தன் பாட்டுக்கு முன்னும் பின்னும் பாலை வரப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தரையில் ஊர்ந்த என் நண்பர் செய்ததும் இதேதான், ஓலைக்குப் பதில் அச்சுப்படம்.

இன்னொன்று, அந்த நானூறு பாட்டையும் மூன்று பகுதியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை. பெயர்க் காரணத்துக்கு உரைகாரர்கள் சொல்வது ஒருபக்கம் இருக்கட்டும். நிரை, மிடை, கோவை என்ற மூன்றையும் கண்காட்சிச் சுவருக்கு எதிரே நின்று சொல்லிப் பாருங்கள்! யானைகள் வரிசையாக நிற்கிற மாதிரி ஒரே கோட்டில், நடுவில் இடம் விட்டு மாட்டுவது நிரை. மணியும் பவளமும் நெருக்கியடித்த மாதிரி பெரிதும் சிறிதுமாகச் சுவரை நிறைத்து மாட்டுவது மிடை. ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும்படி முத்து கோத்தாற்போல் வைப்பது கோவை. இந்த மூன்று வேலைக்கும் நாம் இன்னும் 'ஹேங்கிங்' என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்காட்சிகள் பெரும்பாலும் மிடைதான், ஓவியக் கூடங்களின் பழக்கம் அப்படியே ஒளிப்படத்துக்கும் வந்தது, சட்டத்தோடு சட்டம் முட்ட உத்தரம் வரைக்கும் படம். மேல் வரிசைப் படத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். 1905இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 291ஆம் எண் கட்டடத்தில் ஒளிப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் சின்னச் சின்ன அறைகளாக ஒரு கூடம் திறந்தார், அங்கே கண் மட்டத்தில் ஒற்றை நிரை, படத்துக்குப் படம் மூச்சுவிட இடம். இன்றைக்கும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டரை ஒட்டி வரும்படி மாட்டுவதுதான் கூடங்களில் பரவலான பழக்கம். வேடிக்கை என்னவென்றால் அந்த 291 கூடத்தை ஸ்டீக்லிட்ஸுடன் சேர்ந்து அமைத்தவர் இளைஞர் ஸ்டைகன். நிரையில் ஆரம்பித்த ஆள் ஐம்பது வருடம் கழித்து மிடையும் கோவையுமாகக் கலந்துகட்டி அடித்தார். இந்தச் சொற்கள் கையில் இருந்ததால்தான் இதை ஒரே வரியில் சொல்ல முடிந்தது, கவனித்தீர்களா?

எனவே என் முன்மொழிவு: வினையை முதலில் பிடிப்போம், ஆளுக்குப் பெயர் தானாக வரும். வினை 'கோத்தல்'. பூவைக் கட்டினால் நார் வெளியே தெரியும், கோத்தால் நூல் பூவுக்குள்ளேயே ஓடும். நல்ல கண்காட்சியிலும் நூல் கண்ணுக்குத் தெரியாது, உருவினால்தான் தெரியும். ஊசியில் கோக்கிறோம், மணி கோக்கிறோம், கைகோக்கிறோம், எதுவும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. நுழைவுச் சுவரில் 'படங்கள்: இன்னார், கோத்தவர்: இன்னார்' என்று எழுதினால் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள். கூடத்தார் பெயரையும் போட வேண்டுமானால் 'கோப்பித்தவர்' இருக்கவே இருக்கிறது, கேட்க கொஞ்சம் முரடாக இருந்தாலும்.

தடைகளும் எனக்குத் தெரியும், நீங்கள் எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன். 'கோவையாளர்' என்று வைத்தால் ஊர்க்காரர் ஆகிவிடுவார், அது வேண்டாம். 'கோப்பாளர்' என்றால் அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறவர் என்று தம்பி ஒருவர் நிச்சயம் சிரிப்பார். சிரிக்கட்டும், தாள்களைத் துளையிட்டு நூலில் கோத்து வைத்ததால்தானே அதற்கும் கோப்பு என்று பெயர், பங்காளிதான். பதவிப் பெயராகவே வேண்டும், விளம்பரத்தில் ஆள் தேவை என்று போட வேண்டும் என்கிறவர்கள் 'காட்சிக்கோப்பாளர்' என்று முழுதாக எழுதலாம். எனக்கே அது நூறு விழுக்காடு பிடிக்கவில்லை, எழுத்து அதிகம், நடுவில் இரண்டு வல்லினம் இடிக்கிறது. இதைவிட நல்லதாக யாராவது கொண்டுவந்தால் முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 'கோத்தவர்' மேல் கை வைக்காதீர்கள். முக்கியமாக 'கோர்த்தவர்' என்று எழுதிவிடாதீர்கள், நடுவில் ர் கிடையாது, இதற்குத் தனி இழை வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நியாயமான தடை உண்டு. அம்மா ஒருவர் முன்பே எழுதியிருந்தார்: கோப்பதில் பூ எல்லாம் ஒரு நூலுக்கு அடங்கிப்போகிறது, படமெடுத்தவரின் சுதந்திரம் என்ன ஆவது? உண்மை. இதற்குச் சொல்லால் தீர்வு கிடையாது. 1839 ஜூனில் பாரிஸில் ஒளிப்பட முன்னோடி இப்போலித் பயார் தன் படங்கள் முப்பதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார், இன்னொரு முன்னோடியான டகேர் தன் ஒளிப்படச் செய்முறையை வெளிப்படையாகச் சொன்னதே அதற்குப் பிறகு ஆகஸ்டில்தான். உலகம் படமெடுக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கண்காட்சி வந்துவிட்டது என்று வையுங்கள். அன்றிலிருந்து எடுத்தவருக்கும் மாட்டுகிறவருக்கும் இந்த இழுபறி இருக்கத்தான் செய்கிறது. க்யூரேட்டர் என்று ஆங்கிலத்தில் சொன்னால் அந்த இழுபறி மறைந்துவிடுகிறது, கோத்தவர் என்றால் ஊசி யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆதாயமாகப் படுகிறது.

அந்த நாற்சந்திப் படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கடைசியில் சமரசமாகி, வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில், மற்ற எதையும் பார்த்து முடித்த பிறகே கண்ணில் படும் ஒரு திருப்பத்தில் தனியாக மாட்டினார்கள். அங்கேதான் கூட்டம் நின்றது, படமெடுத்தவர் "பார்த்தாயா" என்றார், கோத்தவரும் "பார்த்தாயா" என்றார்.

அடுத்த மாதம் ஒரு கண்காட்சிக்குச் சுவர் வாசகம் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்த இழையில் பலமான மறுப்பு வராவிட்டால் 'கோத்தவர்' என்றே போடப்போகிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், எழுத்து வெட்டக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.