மறு: கார்புரேட்டருக்கு ‘எரிகலப்பி’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படகு எஞ்சின் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், எரிபொருளைக் காற்றோடு சேர்த்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு ‘எரிகலப்பி’ என்று ஐயா ஒருவர் முன்மொழிந்து, பலரும் வழிமொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ வள்ளம் ஓட்டுபவர் கையில் இந்தக் கையேடு போகும்போது அது தவறான பொருளைத் தரும்.

வள்ளத்துக்கு வெளியே மாட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ‘கலப்பது’ என்றால் எரிபொருளோடு ஆயிலைக் கலப்பதுதான். அதைக் கேனில் ஊற்றிக் கையால் செய்வார்கள். “எரிகலப்பியைச் சுத்தமாக வைத்திருங்கள்” என்று எழுதினால் ஆயில் கலக்கும் கேனைத்தான் கழுவுவார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

கார்புரேட்டருக்குள் என்ன நடக்கிறது? எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போகிறது. அங்கே வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவால் கிண்ணத்திலுள்ள எரிபொருள் சிறு துளை வழியே மேலேறி, காற்றில் நுண்துளிகளாகச் சிதறுகிறது. ஆகவே ‘எரிதூவி’ என்பது என் முன்மொழிவு.

வேறு வகை எஞ்சின்களில் எரிபொருளை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டரும் தூவத்தானே செய்கிறது என்று கேட்பீர்கள். அங்கே பம்பு அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தத்தோடு வருவதற்குத் தமிழில் ‘பீய்ச்சு’ இருக்கிறது. பீச்சாங்குழல் பிடித்து விளையாடாத பிள்ளை உண்டா? இன்ஜெக்டரை ‘எரிபீச்சி’ என்று வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். இந்தப் பிரிவு நமக்குத் தேவை. டீசல் விசைப்படகில் கார்புரேட்டரே கிடையாது, இன்ஜெக்டர்தான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லைப் போட்டால் பராமரிப்புக் குறிப்பே பிழையாகிவிடும். ‘தூவி’ பழந்தமிழில் பறவை இறகு என்பதும் உண்மை. ‘எரி’ முன்னால் சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது.

இதைவிட எனக்கு முக்கியம் ஜெட், அதாவது கார்புரேட்டரில் எரிபொருள் மேலேறும் அந்தச் சிறு துளையுள்ள பாகம். பட்டியலில் ‘முனை’ என்று இருக்கிறது, தயவுசெய்து மாற்றுங்கள். அது பித்தளையில் மிகத் துல்லியமாகத் துளைத்த ஒரு சிறு திருகு. மேலே பொறித்திருக்கும் எண் அந்தத் துளையின் அளவைக் குறிப்பது. அடைத்துக்கொண்டால் கம்பியை விட்டுக் குத்துவது பலருக்கும் வழக்கம். பித்தளை மெத்தென்றது, கம்பி உரசினால் துளை பெருகும். பிறகு எரிபொருள் கூடுதலாக வரும், புகை தள்ளும், ஸ்பார்க் பிளக் கருகும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்து எடுப்பதே முறை. ஆகவே ‘அளவுத்துளை’ என்று பெயர் வைப்போம். அளவு என்ற சொல் பெயரிலேயே இருந்தால் கம்பி எடுக்கிற கை கொஞ்சம் தயங்கும்.

அடைப்பை அப்படியே விடுவதும் ஆபத்துதான். ஆயில் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சினில் பிஸ்டனுக்கு மசகு வருவதும் இதே துளை வழியாகத்தான். எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கரையிலிருந்து எட்டத்தில் அது நடந்தால் உயிர்ப் பிரச்சினை. மெதுவாக ஓடும்போது அணைந்து அணைந்து போனால் மெல்லோட்ட அளவுத்துளையையும், முழு வேகத்தில் இழுவை இல்லாவிட்டால் முதன்மை அளவுத்துளையையும் முதலில் பாருங்கள் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மற்றவை எளிது. கார்புரேட்டர் கிண்ணத்தில் எரிபொருள் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டுக்கு ‘மிதவை’, அது கிடக்கும் பாத்திரம் ‘மிதவைக் கிண்ணம்’, அடியிலுள்ள திருகு ‘வடிதிருகு’. எரிபொருளைவிட நீர் கனமானது என்பதால் டேங்குக்குள் புகுந்த தண்ணீர் கிண்ணத்தின் அடியில்தான் தங்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வள்ளம் கரையில் நிற்கப்போகிறதென்றால் வடிதிருகைத் திறந்து கிண்ணத்தைக் காலிசெய்துவிட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் வற்றிப் பிசினாகி அளவுத்துளையை மூடிவிடும்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று நேரம் ஓட்டினால்தான் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும், மறுநாள் எஞ்சின் கிளம்பும். இந்த இரண்டு செயலுக்கும் ‘மாற்றுதல்’ போதும், புதுச்சொல் எதற்கு?

காற்று போகும் அந்தக் குறுகிய கழுத்தின் பெயரான வெஞ்சுரியை மட்டும் அப்படியே விடலாம். அது 1746 முதல் 1822 வரை வாழ்ந்த இத்தாலிய அறிவியலாளர் ஒருவரின் பெயர். வாட், வோல்ட்டை நாம் மாற்றவில்லையே.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக்குக்குப் பட்டியலில் உள்ள ‘மூச்சடைப்பு’ நோயின் பெயர் போல ஒலிக்கிறது. ‘காற்றுமறி’ எப்படி? யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் பரவலாக ஓடுகிறது. அங்கே கடற்கரையில் சோக்குக்கு வழங்கும் சொல் இருந்தால் அங்குள்ள நண்பர்கள் எழுதுங்கள். அது கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.

அன்புடன்.