புதுப்பிப்பு: திடப்படுத்தல் எடுப்பதா, வேண்டாமா?

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றும், முப்பத்து நான்கு வயதுவரை திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தின் விசுவாசத்தை வளர்ந்தபின் தானே ஏற்று, பேராயர் கைவைத்து ஜெபிக்கப் பெறும் சடங்கு) எடுக்காமல், அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து நேரத்தில் மட்டும் பெஞ்சிலேயே தங்கிவிடுவதைப் பற்றி முன்பு இங்கே எழுதியிருந்தேன். சந்தேகம் முழுவதும் தீர்ந்த பிறகே முன்செல்ல வேண்டும் என்பதுதான் அப்போது என் வாதம்.

சென்ற ஞாயிறு பேராயர் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்.

மனத்தை மாற்றியது தர்க்கமன்று. வேதாகமத்தில், கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி, கர்த்தருக்கும் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கும் நடுவே தடுமாறிய ஜனங்களைப் பார்த்து, எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள் என்று கேட்பதை (1 இராஜாக்கள் 18:21) நான் எப்போதும் மிரட்டலாகவே வாசித்து வந்தேன். எங்கள் குருவானவரோ அதை விட்டுவிட்டு, மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனுக்காக வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்டதையும், இயேசு அவனைத் திருப்பி அனுப்பாமல் பிள்ளையைக் குணமாக்கியதையும் எடுத்துக்காட்டினார். சந்தேகத்தோடும் வரலாம் என்பது, இத்தனை ஆண்டு ஆலயத்துக்குப் போயும் என் காதில் விழாமல் போயிருக்கிறது!

முழங்காலிட்டபோது கை நடுங்கியது. அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கிண்ணத்து ரசம் எதிர்பார்த்ததைவிட இனிப்பாக இருந்தது. துன்பத்தைப் பற்றிய என் பழைய கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அதைப் புதன்கிழமை வேதபாட வகுப்பில் கேட்கவிருக்கிறேன்.