‘எதிர்மறைச் சொல்’ பொருந்தாது; ‘இகழ்குறிப்பு’ என்று சொல்லலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஆங்கிலச் சொல்வளப் பாடங்களில் ‘நெகட்டிவ் வேர்ட்ஸ்’ என்ற தலைப்பில் வரும் பட்டியல்களை ‘எதிர்மறைச் சொற்கள்’ என்று தமிழாக்கலாம் என இந்தக் கலைச்சொல் விவாதத்தில் முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிர்மறை என்பது நம் இலக்கணத்தில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சொல். செய்யான், செய்யாத, செய்யாமல் என வினை நிகழாமையைக் காட்டுவதற்கு உரியது. ‘வாடாத மலர்’ என்பதில் எதிர்மறைப் பெயரெச்சம் இருக்கிறது, குறை எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் ‘ஃபியர்லெஸ்’ (அச்சமற்ற), ‘பிரைஸ்லெஸ்’ (விலைமதிப்பற்ற) ஆகியவை இன்மைப் பொருள் விகுதியை ஏற்றும் பாராட்டாகவே நிற்கின்றன. ‘ஸ்டிஞ்சி’யோ எந்த மறுப்பு ஒட்டும் இல்லாமலே ஒருவரைக் கஞ்சன் என்று பழித்துவிடுகிறது.

அந்தப் பட்டியல்களில் மூன்று வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. ‘அன்ஹேப்பி’ போன்றவை இலக்கண மறுப்பு. ‘ஃபேமின்’, ‘கிரீஃப்’ போன்றவை பஞ்சம், துயரம் என்று துன்பத்தையே பொருளாகக் கொண்டவை. அவற்றைச் சொல்பவர் யாரையும் இகழவில்லை. மூன்றாவது வகையில்தான் மாணவர் இடறுகிறார். ‘ஸ்லிம்’, ‘ஸ்கின்னி’ இரண்டும் மெலிந்த உடலையே சுட்டினாலும், முதலாவதைக் கேட்டவர் மகிழ்வார், இரண்டாவதைக் கேட்டவர் முகம் சுளிப்பார். ‘திரிஃப்டி’க்கும் ‘ஸ்டிஞ்சி’க்கும் உள்ள தொலைவு சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ளதே. சுட்டும் பொருள் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, பேசுபவரின் மனச்சாய்வு மட்டும் வேறுபடும் இந்த வகைக்குத்தான் நமக்குக் கலைச்சொல் வேண்டும்.

சொல்லில் வெளிப்படையாகத் தெரியும் பொருளையும் குறிப்பால் தோன்றும் பொருளையும் தொல்காப்பியம் பெயரியலிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆகவே ‘இகழ்குறிப்பு’ என்றும், அதன் இணையாகப் ‘புகழ்குறிப்பு’ என்றும் வைக்கலாம் என்பது என் பரிந்துரை. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி ‘டிஸ்அப்ரூவிங்’, ‘அப்ரூவிங்’ என்று இடும் இரு அடையாளங்களுக்கும் இந்த இணை நேராகப் பொருந்தும். ‘இழிசொல்’, ‘வசைச்சொல்’ என்று பரிந்துரைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவை திட்டும் சொற்களைக் குறிப்பவை. ‘சைல்டிஷ்’ என்பது திட்டு அன்று. சிறுபிள்ளைத்தனம் என்னும் குறைகூறல், அவ்வளவுதான். அதன் இணையான ‘சைல்ட்லைக்’ குழந்தையுள்ளத்தைப் போற்றுவது.

இந்தச் சிறுபிள்ளைத்தனம் என்ற சொல்லில் ‘தனம்’ என்ற விகுதியே இகழ்ச்சியைத் தாங்குகிறதோ என்று ஒரு கணம் தோன்றும். முட்டாள்தனம், கிறுக்குத்தனம், கஞ்சத்தனம் எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் புத்திசாலித்தனமும் கெட்டிக்காரத்தனமும் வந்து விதியைக் கெடுத்துவிடுகின்றன. ஆங்கில ‘இஷ்’ விகுதியும் இப்படித்தான்: ‘சைல்டிஷ்’ இகழும், ‘ரெடிஷ்’ வெறுமனே செந்நிறச் சாயலைச் சொல்லும். விகுதியை மட்டும் கற்பித்துவிட்டு ஒதுங்க முடியாது என்பதால்தான் சொல்தோறும் இந்த அடையாளத்தை இட வேண்டியிருக்கிறது.

நம் நாளிதழ்களில் ‘பிரபல விஞ்ஞானி’யும் உண்டு, ‘பிரபல ரவுடி’யும் உண்டு. இரண்டுக்கும் ஒரே அடைமொழியைப் படித்து வளர்ந்த மாணவர், கெட்ட பெயரால் அறியப்பட்ட என்று பொருள்படும் ‘நொட்டோரியஸ்’ என்பதற்கும் பிரபலம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, அதை விஞ்ஞானிக்கு முன்னால் வைத்துவிடுகிறார். பொருளுக்கு அருகில் ‘இகழ்குறிப்பு’ என்று ஒரு சொல் இருந்திருந்தால் இந்தப் பிழை நேராது.

‘குறிப்பு’ என்றால் நோட்ஸ் என்று மாணவர் கொள்வாரே என்ற தடை எழும். குறிப்பு வினைமுற்றைப் படிக்கும்போது அந்தக் குழப்பம் வருவதில்லை; மேலும், புகழ், இகழ் என்ற முன்சொல்லே பொருளை வரையறுத்துவிடும்.

காலப்போக்கில் ஒரு சொல் தாழ்ந்த பொருளை அடைவது வேறு நிகழ்வு. அதற்கு மொழியியலார் வழங்கும் ‘இழிபொருட்பேறு’ இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். குறளில் மொட்டுக்குள் அடங்கிய மணமாக இருந்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைப்பதும், பண்ணையாளைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் ‘வில்லன்’ ஆனதும் அதன்பாற்படும்.

ஒரு வகை மட்டும் எஞ்சுகிறது. விளைவித்தல் என்று பொருள்படும் ‘காஸ்’ என்ற ஆங்கில வினை, தனியே நின்றால் நடுநிலையானது. ஆனால் பெரும்பாலும் விபத்து, சேதம், நோய் ஆகியவற்றோடுதான் கூடும். தமிழிலும் ஒருவர் விமர்சனத்துக்கு ‘ஆளாவார்’, பாராட்டுக்கு ஆளாக மாட்டார், அதைப் பெறுவார். இகழ்ச்சி இங்கே அச்சொல்லில் இல்லை, அது சேரும் கூட்டத்தில் இருக்கிறது. இதையும் இகழ்குறிப்பில் அடக்கக் கூடாது என்பது என் எண்ணம். ‘சேர்க்கைச் சாயல்’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் செறிவான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.