கூத்துக்காரன் சீரியலுக்குப் போனால் எடுபடுவானா?

செய்யாறு கட்டியக்காரன் கேட்டது:
வயது 31. பத்து வருஷமாகக் கூத்தில் கட்டியக்காரன் வேஷம், ராஜா வருவதை அறிவித்து இடையிடையே சிரிக்கவைக்கிற ஆள். பங்குனியில் இருந்து ஆடி வரை பாரதக் கூத்து, மற்ற நாளில் வயரிங் வேலை. சீரியலில் தரகர், வக்கீல் மாதிரி கேரக்டர் ரோல் வாங்கித் தருவதாகச் சென்னையில் ஒருவர் சொல்கிறார். பதிவுக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா? கேமரா முன்னால் நம்ம ஆட்டம் செல்லுமா?

காட்பாடிக்காரர்:
தம்பி, காசு கொடுக்காதீங்க. வேஷம் வாங்கித் தருபவர் நம் சம்பளத்தில் கமிஷன் எடுப்பார், முன்பணம் கேட்க மாட்டார். நான் கொடுத்துவிட்டு வடபழனி டீக்கடையில் நாலு நாள் உட்கார்ந்திருந்தவன்.

ஆரணிப் பக்கம் துரியோதனன் கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் பதினாறு வருஷம் சீரியல். முதல் நாள் ஊர்ப் பெரியவர் வேஷம். "யாருடா அது?" என்று ஒரே வரி. கூத்தில் கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கேட்கப் பழகிய குரல் இல்லையா, செட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. டைரக்டர், "ஐயா, பக்கத்து ரூமுக்குக் கேட்டால் போதும், ஆற்காட்டுக்குக் கேட்க வேண்டாம்" என்றார்.

வசனப் பேப்பர் சுடச்சுட வரும். அசிஸ்டென்ட் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரி வரியாகப் படிப்பார். அதைக் காதில் வாங்கிக்கொண்டே, வாங்காத மாதிரி முகத்தை வைத்துப் பேச வேண்டும். விடிய விடிய யாரும் எடுத்துக் கொடுக்காமல் பேசிய நமக்கு இதுதான் பெரிய கஷ்டம். ஆனால் ராஜா பாடும்போது ஓரமாக நின்று முகத்திலேயே பதில் சொல்கிறீர்களே, அதுதான் அங்கே சோறு போடும். சீரியலில் பாதி நேரம் ரியாக்‌ஷன் ஷாட்தான்.

வேஷம் எப்போது முடியும் என்று மட்டும் நமக்கே தெரியாது. ஒருநாள் "வெள்ளைச் சட்டையில் ஒரு போட்டோ ஐயா" என்றார்கள். நின்றேன். அடுத்த வாரம் வீட்டு டிவியில் அந்தப் போட்டோவுக்குச் சந்தன மாலை, முன்னால் விளக்கு. அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து எனக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். எட்டு மாதம் செட்டுச் சுவரில் தொங்கினேன். ஆளைக் கூப்பிட்டால்தானே காசு, போட்டோவுக்கு ஏது?

வேலூர் நாடகப்பிரியை:
31 எல்லாம் ஒரு வயதா? டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்துவிட்டு, காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்து, பாலசந்தர் படத்தில் அறிமுகமானது 1977-இல். அப்போதே முப்பதைத் தாண்டிவிட்டார். அதே வருஷம் நாடக எழுத்தாளர் ந. முத்துசாமி தொடங்கிய நாடகக் குழுதான் கூத்துப்பட்டறை. அவரை ஆட்டிவைத்தது உங்க செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்துதான். சினிமாவில் நடிக்கும் பசுபதி, கலைராணி எல்லாம் அந்தப் பட்டறையில் இருந்து வந்தவர்கள். கூத்து தெரியும் என்பதை மறைக்காதீங்க.

செய்யாறு கட்டியக்காரன்:
நன்றி அண்ணா, அக்கா. பணம் கொடுக்கவில்லை. இன்னொன்று: ஆனியில் பத்து நாள் கூத்து ஒப்புக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டேன். அப்போது பார்த்துக் கால்ஷீட் வந்தால்?

காட்பாடிக்காரர்:
கூத்துக்குப் போங்க. சீரியலில் "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டு மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஊரில் அப்படி எழுத்துப் போட முடியுமா? எந்த ஊர் கூத்து என்று சொல்லுங்க, துரியோதனன் விழுகிற படுகளத்தன்று நானும் வருகிறேன்.